பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது?

ஒரே வண்டி, ஒரே பேட்டரி. ஓடும் தூரம் மட்டும் மூன்று. 2019-ல் விற்பனைக்கு வந்த ரிவோல்ட் ஆர்வி400 மோட்டார் சைக்கிளுக்கு அதைத் தயாரித்த நிறுவனமே சொன்ன கணக்கு இது: மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டாத ‘ஈகோ’வில் 150 கிலோமீட்டர், 65 வரை போகும் ‘நார்மல்’ முறையில் 100, 85-ஐத் தொடும் ‘ஸ்போர்ட்’டில் 80. வாங்க வருபவர் மனதில் பதிவது முதல் எண். ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட காலையில் அவர் ஓட்டப்போவது பெரும்பாலும் மூன்றாவது முறையில்.

வேகம் கூடக் கூடத் தூரம் குறைவதற்குக் காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் எதிரே வரும் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 40-ல் போகும்போது பெரிதாகத் தெரியாத அந்தத் தடை, 80-ஐ எட்டும்போது பேட்டரியின் பெரும் பகுதியைத் தின்றுவிடுகிறது. பெட்ரோல் வண்டிக்கும் இதே காற்றுதான். ஆனால் சிக்னலில் நிற்கும்போதும் என்ஜின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருப்பதால், ஊருக்குள் அதன் மைலேஜ் குறைந்து, புறவழிச்சாலையில் கூடுகிறது. மின்சார வண்டிக்கு இது தலைகீழ். நிற்கும்போது மோட்டார் எதையும் செலவழிப்பதில்லை. வேகத்தைக் குறைக்கும்போது சக்கரத்தின் ஓட்டத்திலிருந்து கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது. சென்னையின் கிண்டி, கோயம்பேடு நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு அது நல்ல துணை. அதே வண்டியில் ஜிஎஸ்டி சாலையைப் பிடித்துத் திண்டிவனம் வரை முறுக்கிக்கொண்டு போக நினைப்பவருக்கு அது ஏமாற்றம்தான் தரும்.

அப்படியானால் எந்தத் தூரத்தை நம்பி வாங்குவது? காகிதத்தில் 150 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும் வண்டி, சோதனைக்கூடத்துக்கு வெளியே, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு 105 போனால் அதுவே நல்லது. சில ஆண்டுகள் கழிந்து பேட்டரி ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழந்திருக்கும். அப்போது மிஞ்சுவது 84. கடைசிச் சொட்டு வரை ஓட்ட யாருக்கும் மனம் வராது என்பதால் 15 கிலோமீட்டரைக் கையிருப்பாக வைத்தால் 70-க்குக் கீழே வந்து நிற்கும். எனவே தினசரிப் பயணம், சொல்லப்பட்ட தூரத்தில் பாதிக்குள் அடங்கினால் கவலையில்லாமல் வாங்கலாம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு நாளும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்ட நேரும். அலுவலகத்திலும் சார்ஜ் போட வசதி இருந்தாலொழிய அது நல்ல வாழ்க்கை அல்ல.

இனி பணம். தாம்பரத்திலிருந்து கிண்டிப் பக்கம் வேலைக்குப் போய்வரும் ஒருவர், இடையில் கடை, பள்ளிக்கூடம் என்று சுற்றுவதையும் சேர்த்து, நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாளில் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் பைக்கில் 20 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 2,000 ரூபாய். மின்சார பைக்குக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 40 யூனிட் போதும். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றால் 200, எட்டரை என்றாலும் 340. ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய் மிச்சம். பெட்ரோல் வண்டியைவிட 40,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தால் இரண்டு ஆண்டில் அது திரும்பிவிடும். ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள் போன்ற செலவுகள் இல்லாதது அதற்கு மேல் கிடைக்கும் லாபம்.

இதே கணக்கை நாளுக்கு 8 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் போட்டுப் பார்த்தால் கதை மாறிவிடுகிறது. மாதம் 400 ரூபாய் பெட்ரோல் போடுகிறவர் மிச்சம் பிடிப்பது ஆண்டுக்கு 4,000 சொச்சம். கூடுதலாகப் போட்ட முதல் திரும்பப் பத்து ஆண்டு ஆகும். அதற்குள் பேட்டரி மாற்றும் வேளை வந்துவிடலாம். புகையும் சத்தமும் வேண்டாம் என்பதற்காக அவர் வாங்கினால் அது மதிக்கத்தக்க காரணம். சிக்கனத்துக்காக என்று யாராவது அவரிடம் சொல்லி விற்றால் அது உண்மையல்ல.

விலை வித்தியாசமும் நிலையாக இருப்பதில்லை. 2023 மே வரை பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் மத்திய அரசு 15,000 ரூபாய் மானியம் தந்தது. அடுத்த மாதமே அது 10,000 ஆனது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 5,000 ஆக இருந்து, அதன் இரண்டாம் ஆண்டில் 2,500 ஆகச் சுருங்கியது. மறுபக்கம், 350 சிசி வரையிலான பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மின்சார வண்டிக்கு வரி முன்பு போலவே 5 சதவீதம்தான். ஆக, மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கணக்கை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு ஷோரூமிலும் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டுதான் கணக்குப் போட உட்கார வேண்டும்.

கரன்ட் பில்லில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகை குறைந்து, தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் கொடுக்க நேர்கிறது. தாம்பரத்துக்காரரின் வண்டி இரண்டு மாதத்தில் 80 யூனிட் இழுக்கும். 300 யூனிட் ஓடும் வீட்டில் அது தெரியவே தெரியாது. கோடையில் ஏசி போட்டு 460-ல் நிற்கும் வீட்டில் அது பில்லை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான். ஆனால் ‘கிலோமீட்டருக்குப் பத்து பைசா’ போன்ற வாக்குறுதிகள் அந்த வீட்டுக்குப் பொருந்தாது.

இத்தனைக்கும் அடிப்படையான ஒன்று உண்டு. வண்டி இரவில் எங்கே நிற்கிறது? தனி வீட்டில், போர்ட்டிகோவில், கைக்கெட்டும் தூரத்தில் சரியான எர்த்துடன் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருப்பவருக்கு மின்சார பைக் பெட்ரோல் பைக்கைவிட வசதியானது. பங்க் வரிசையே அவருக்கு இல்லை. மூன்றாம் மாடி வாடகை வீட்டில், தெருவோரம் வண்டி நிறுத்துகிறவருக்கு அதே வண்டி தினசரித் தொல்லை. ஆர்வி400 போலப் பேட்டரியைக் கழற்றி எடுக்க முடிந்தாலும், 3.24 கிலோவாட் மணிப் பேட்டரி என்பது 18 கிலோவுக்குக் குறையாத சுமை. அதைத் தூக்கிக்கொண்டு தினமும் படியேறுவது எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல. வாடகைக்கு இருப்பவர்கள் வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டு உரிமையாளரிடம் பேசி, தனி சப் மீட்டர் போட்டுக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். அபார்ட்மென்ட் என்றால் சங்கத்திடம். வண்டி வந்த பிறகு தொடங்கும் பேச்சு பெரும்பாலும் சண்டையில் முடிகிறது.

பொது சார்ஜரை நம்பலாமே என்று கேட்கலாம். சாலையோரம் தெரிகிற எல்லா சார்ஜரும் எல்லா வண்டிக்கும் பொருந்துவதில்லை. ஏத்தர் நிறுவனம் உருவாக்கிய இணைப்பு 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஒப்புதலைப் பெற்றது. ஆனாலும் வேறு இணைப்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. சென்னையைச் சேர்ந்த ராப்டீ நிறுவனம் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டது. 2024 அக்டோபரில் அது அறிமுகப்படுத்திய மோட்டார் சைக்கிள், கார்களுக்கான சிசிஎஸ்2 சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். அறிவான யோசனை. ஆனால் அறிமுக விலையே சுமார் 2.4 லட்சம். பெங்களூரின் அல்ட்ராவயலட் எஃப்77-ல் 10.3 கிலோவாட் மணி வரை பேட்டரி உண்டு. அதன் விலை இன்னும் மேலே. இவை ஓட்டுவதில் மகிழ்ச்சி தேடுகிறவர்களுக்கான நல்ல வண்டிகள். ஆபீஸ் போய்வரும் செலவைக் குறைக்க இவற்றை வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது.

ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏத்தரும், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர்களைத் தயாரிக்கின்றன. நாட்டில் விற்கும் மின்சார இருசக்கர வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஸ்கூட்டர்கள்தான். மோட்டார் சைக்கிள் பின்தங்கியதற்குக் காரணம், 100 சிசி பெட்ரோல் பைக் ஏற்கெனவே லிட்டருக்கு 60, 70 கிலோமீட்டர் தந்து, மலிவாகவும் கிடைப்பதுதான். அதை வெல்வது கடினம். எனவே கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் ஏற்ற வேண்டிய குடும்பம் ஸ்கூட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குண்டும் குழியுமான சாலையில் நெடுந்தூரம் போகிறவருக்கு மோட்டார் சைக்கிளின் பெரிய சக்கரம் உண்மையிலேயே உதவும். பெரும்பாலான மாடல்களில் கிளட்சும் கியரும் இல்லாததால் நெரிசலில் இடது கை வலிக்காது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரி விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. ஒரு செல் சூடேறினால் தீ மற்ற செல்களுக்குப் பரவுகிறதா என்ற சோதனையும் அவற்றில் உண்டு. பழைய வண்டியை வாங்குகிறவர்கள் அது எந்த ஆண்டு தயாரிப்பு என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம். எந்த வண்டியானாலும், வீட்டை விட்டு வெளியேற இருக்கும் ஒரே வழியில், மாடிப்படிக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு உடனே பிளக்கைச் செருகாமல் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். நம் ஊர் வெப்பம் லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். நிழலில் நிறுத்துவது அழகுக்காக அல்ல.

மழையில் ஓட்டலாம். பேட்டரிக்குச் சொல்லப்படும் ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தாலும் உள்ளே நீர் புகாது என்பதற்கான தரம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அப்படி மூழ்கிய வண்டியைத் துடைத்துவிட்டுச் சார்ஜ் போடுவது ஆபத்து. மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பிளக்கின் பக்கமே கொண்டு போகக் கூடாது.

கையெழுத்துப் போடுமுன் வாரண்டித் தாளை முழுக்கப் படிக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்பதோடு, கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்டரியை மாற்றித் தருவார்கள் என்பதும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே பழுதுக்கு வந்த வண்டிகள் எத்தனை நாளாகக் காத்திருக்கின்றன என்பதை, ஷோரூமில் கேட்காமல், அங்கே நிற்கும் வாடிக்கையாளர்களிடமே கேட்கலாம். டெஸ்ட் ரைடை ஷோரூம் வாசலில் ஒரு சுற்றோடு முடித்துக்கொள்ளாமல், தினமும் போகும் பாதையில், வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவரையும் ஏற்றிக்கொண்டு, வழக்கமான வேகத்தில் போய்வரக் கேட்க வேண்டும். புறப்படும்போது எத்தனை சதவீதம், திரும்பும்போது எத்தனை என்று குறித்துக்கொண்டால், 20 கிலோமீட்டருக்கு 25 சதவீதம் குறைகிற வண்டி முழுச் சார்ஜில் 80 கிலோமீட்டர்தான் போகும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.