கல் தூசியும் மூச்சுக்குழாயின் ரிப்பேர் செல்களும்!

2017-ல் புவிசார் குறியீடு பெற்றது மாமல்லபுரம் கற்சிற்பம். இப்போது பட்டறைகளில் உளியோடு கிரைண்டர், கட்டிங் மெஷின் சத்தமும் சேர்ந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது. தூசியோ பல மடங்கு. கருங்கல் தூசியில் இருக்கும் சிலிக்காதான் பிரச்னை.

மூச்சுக்குழாய் தூசிக்குத் தயாராகவே இருக்கிறது. உள்சுவரின் சளி தூசியைப் பிடிக்கும். மெல்லிய இழைகள் விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து அதைத் தொண்டைக்குத் தள்ளும். இந்தச் சுவர் சேதமானால்? அடியில் 'பேசல் செல்' எனும் ஸ்டெம் செல்கள் காத்திருக்கின்றன. அவை பிரிந்து, சளி சுரக்கும் செல்லாகவோ இழையுள்ள செல்லாகவோ மாறி, இழந்ததை ஈடுகட்டும். சிகரெட்டை விட்ட சிலரின் மூச்சுக்குழாயில் 40 சதவிகிதம் வரை செல்கள், புகைக்காதவர்களுடையதைப் போலவே இருந்ததாகச் சொன்னது 2020-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு.

ஆனால், மிக நுண்ணிய சிலிக்கா இந்தக் காவலைத் தாண்டி, நுரையீரலின் காற்றறைகளுக்கே போய்விடும். அங்கே உண்டாகும் தழும்புதான் சிலிகோசிஸ். அது மறையாது, காசநோய் அபாயமும் கூடும்.

முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. தண்ணீர் விட்டபடி அறுப்பதும், என்95 மாஸ்க்கும் உதவும். இருமல் விடவில்லையா? செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ தாம்பரம் சானடோரியத்துக்கோ போகும்போது, கல் வேலை செய்வதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.