கொந்தளிக்கும் கடலில் 16 நாள்!

1916-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம் 24-ந்தேதி.

அண்டார்டிகாவுக்கு அருகே, எலிபெண்ட் தீவு என்ற பனித் தீவிலிருந்து ஒரு சிறு படகு புறப்பட்டது. படகில் 6 பேர். கரையில் நின்று வழியனுப்பியவர்கள் 22 பேர்.

உதவி தேடித்தான் அந்த 6 பேரும் போனார்கள். அவர்கள் போய்ச் சேராவிட்டால், ஆளே இல்லாத தீவில் நிற்கும் 22 பேரின் கதி என்ன?

அவர்கள் அண்டார்டிகா கண்டத்தைக் கால்நடையாகக் கடக்கப் போன குழுவினர். தலைவர் பெயர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். அவர்களுடைய "எண்டூரன்ஸ்" கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கி நொறுங்கியது. 1915-ம் ஆண்டு நவம்பரில் மூழ்கிவிட்டது. 28 பேரும் 3 படகுகளில் அந்தத் தீவுக்குத் தப்பி வந்திருந்தார்கள்.

22 அடிப் படகு

படகின் பெயர் "ஜேம்ஸ் கெயர்ட்". நீளம் ஏறக்குறைய 22 அடிதான்!

போக வேண்டிய தென் ஜார்ஜியா தீவோ, சுமார் 1,500 கிலோமீட்டர் தூரம். திமிங்கில வேட்டைக்காரர்கள் அங்கே குடியிருந்தார்கள்.

தச்சர் ஒருவர் கிடைத்த பலகையையும் கித்தானையும் கொண்டு படகுக்கு மூடி போட்டார்.

சூரியனைக் கருவியால் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். கேப்டன் ஒர்ஸ்லிக்குச் சூரியன் முகம் காட்டியது நாலே நாலு தடவை!

எல்லோருக்கும் பால்!

அலை வீசியடித்த தண்ணீர் படகின்மேல் பனிக்கட்டியாக உறைந்தது. பாரம் தாங்காமல் படகு அமிழத் தொடங்கியது. ஒவ்வொருவராக ஊர்ந்து போய்ப் பனியை வெட்டித் தள்ளினார்கள்.

3 பேர் காவல் இருப்பார்கள். 3 பேர் நனைந்த படுக்கையில் சுருண்டு கிடப்பார்கள். 4 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறும்.

யாராவது ஒருவர் குளிரில் வெடவெடவென்று நடுங்கினால், உடனே சூடாகப் பால் போடச் சொல்வார் ஷாக்கிள்டன். அந்த ஒருவருக்கு மட்டுமா? இல்லை, ஆறு பேருக்கும்! "நம்மால்தானே இந்தத் தொல்லை" என்று அவர் மனம் கலங்கக் கூடாது அல்லவா? ஒர்ஸ்லி பிற்காலத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு நள்ளிரவில் தூரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தது. வானம் வெளுக்கிறது என்று எண்ணினார் ஷாக்கிள்டன். அது வானம் அல்ல. மலைபோல் எழுந்து வந்த அலையின் நுரை! படகு தண்ணீரால் நிரம்பியது. கையில் கிடைத்ததைக் கொண்டு ஆறு பேரும் இறைத்தார்கள். படகு பிழைத்தது.

அமைதியான துறை

மே 8-ந்தேதி தென் ஜார்ஜியாவின் பாறைகள் தெரிந்தன. ஆனால் புயல் கரை சேர விடவில்லை. 10-ந்தேதி மாலைதான், மலைகளுக்கு நடுவே ஒதுக்குப்புறமாக இருந்த ஒரு சிறு குடாவில் படகு நுழைந்தது.

பீப்பாயில் இருந்த தண்ணீர் உப்புக் கரித்துப்போய், நாக்கு வறண்டு கிடந்தவர்கள் அவர்கள். கரையில் ஓர் ஓடை சலசலத்தது! முழங்காலிட்டு ஆசை தீரக் குடித்தார்கள். பக்கத்துக் குகையில் புல்லைப் பரப்பிப் படுத்தார்கள். சில நாள் உண்டு, உறங்கித் தெம்பு பெற்றார்கள்.

குடியிருப்போ தீவின் மறுபக்கம்! ஷாக்கிள்டன், ஒர்ஸ்லி, கிரீன் ஆகிய மூவரும் 36 மணி நேரம் பனிமலையில் நடந்து, மே 20-ந்தேதி அங்கே சேர்ந்தார்கள்.

எலிபெண்ட் தீவுக்குக் கப்பல் கொண்டுபோக 3 முறை முயன்றும் பனி வழி விடவில்லை. நாலாவது முறை, ஆகஸ்டு 30-ந்தேதி, சிலி நாட்டுக் கப்பலான "எல்ச்சோ" கரையை நெருங்கியது. ஷாக்கிள்டன் பதைபதைப்புடன் தலைகளை எண்ணினார்.

22 பேரும் உயிருடன் இருந்தார்கள்!