உங்களுக்குத் தெரியுமா? வாய்ப்புற்று குணமானவர் பல் பிடுங்குமுன்…

களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலை வட்டாவை நீட்டுவது மரியாதை. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயோ வாய்ப்புற்று. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் சொல்லிவிட்டது. (வட்டா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.)

சிகிச்சையில் குணமானவர் பலர். ஆனால் கதிர்ச் சிகிச்சையின் சில விளைவுகள் வருடக்கணக்கில் பின்தொடரும். உமிழ்நீர் வற்றினால் குழம்பை அள்ளி ஊற்றிப் பிசைந்தால்தான் சோறு தொண்டையில் இறங்கும். பற்கள் ஈறோரமாகக் கறுத்துச் சொத்தையாகும். தாடை இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காமல் போகலாம்.

இவற்றைவிடப் பொல்லாதது தாடை எலும்பின் கதை. கதிர் பட்ட எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். பத்து வருடம் கழித்து ஒரு பல்லைப் பிடுங்கினாலும் குழி ஆறாமல், எலும்பு செத்து வெளியே தெரிய இடமுண்டு. எனவே ஆதார வைத்தியசாலையோ தனியார் கிளினிக்கோ, பல் டாக்டரிடம் பழைய கிளினிக் கொப்பியை முதலில் காட்டுங்கள். “அந்த வருத்தம் எப்பவோ சுகமாயிற்று” என்று மறைப்பதுதான் ஆபத்து.

கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைரொயிட் சோர்வதும் உண்டு. களைப்பு, உடம்பு ஊதுதல், குளிர் தாங்காமை எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடுகிறோம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தினம் ஒரு மாத்திரையில் சமாளிக்கலாம்.