வீட்டிலிருந்தே இணையக் காவல் கற்போம்

அட்டாளைச்சேனையிலும் அதனையடுத்த பாலமுனை, ஒலுவில் கிராமங்களிலும் களப்பணிக்காக வீடு வீடாகச் செல்லும்போது, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டோடு இருக்கும் பெண் பிள்ளைகளை நாம் அதிகம் காண்கின்றோம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே இருந்தும் புள்ளி போதாமல் நின்றுபோனவர்கள் இவர்கள். தகப்பன் இல்லாத குடும்பங்களில் கொழும்புக்கு அனுப்பிப் படிப்பிக்க வசதியும் இல்லை, மனமும் இடங்கொடுப்பதில்லை. “பிள்ளை எந்நேரமும் போனோடதான் கிடக்கு” என்பது உம்மாமாரின் முறைப்பாடு. அந்தப் போனிலிருந்தும் ஒரு பழைய மடிக்கணினியிலிருந்தும் கற்கத் தொடங்கக்கூடிய ஒரு துறையே வலையமைப்புப் பாதுகாப்பு. அதன் ஒரு பகுதிதான் ‘எத்திக்கல் ஹேக்கிங்’, அதாவது அனுமதியோடு செய்யும் ஊடுருவல் சோதனை.

ஹேக்கிங் என்றதும் களவு என்றே பலர் நினைக்கின்றனர். திறப்பு வெட்டித் தருகின்றவருக்கும் களவெடுப்பவனுக்கும் பூட்டைப் பற்றிய அறிவு ஒன்றுதான். வீட்டுக்காரர் அழைத்தாரா இல்லையா என்பதே வேறுபாடு.

வலையமைப்பு என்பது விளங்காத விடயமல்ல. சோதனைச்சாவடி எப்படி இயங்கும் என்று இந்த வாசகிகளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் வருகிறார், எங்கிருந்து வருகிறார், அடையாள அட்டை இருக்கிறதா, பைக்குள் என்ன என்று அங்கே பார்ப்பார்கள். கணினியில் ‘ஃபயர்வோல்’ செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒவ்வொரு கருவியிலும் 65,535 வாசல்கள் வரை இருக்கலாம். இவற்றைப் ‘போர்ட்’ என்பார்கள். தேவையில்லாமல் திறந்து கிடக்கும் வாசலைக் கண்டுபிடித்து மூடச் சொல்வதே பாதுகாப்புப் பணியாளரின் முதல் வேலை.

சாவடியை எப்படி ஏமாற்றலாம் என்பதற்குத் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் நல்ல உதாரணம் காட்டியிருக்கிறார். சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மன் முத்தையா 2019இல் இன்ஸ்டகிராமில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். கடவுச்சொல்லை மறந்தால் தொலைபேசிக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வரும். அது பத்து நிமிடம் மட்டுமே செல்லும். ஆறு இலக்கம் என்றால் பத்து இலட்சம் சாத்தியங்கள். ஒரே இடத்திலிருந்து ஆயிரம் முறை முயன்றபோது சுமார் 250 மட்டுமே உள்ளே போயின, மற்றவை தடுக்கப்பட்டன. சாவடி ஆளைப் பார்த்துத்தான் எண்ணுகிறது என்பதை அவர் கவனித்தார். ஆளை மாற்றினால்? ஆயிரம் வெவ்வேறு முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு இலட்சம் குறியீடுகளை அனுப்பிக் காட்டினார். எவரும் தடுக்கவில்லை. ஐயாயிரம் முகவரிகள் இருந்தால் எவருடைய கணக்கையும் திறந்துவிடலாம். அதற்கு ஏறத்தாழ 150 டொலரே செலவாகும்.

அவர் எவருடைய கணக்கையும் களவாடவில்லை. நிறுவனத்துக்கு அறிவித்தார், பிழை திருத்தப்பட்டது, 30,000 டொலர் வெகுமதி கிடைத்தது. 2021இல் மைக்ரோசொஃப்ட் கணக்குகளில் இதுபோன்ற பிழையைக் கண்டறிந்து 50,000 டொலர் பெற்றார். தங்களிடம் பிழை தேடலாம் என்று இந்நிறுவனங்கள் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வழங்கியிருந்தன. (இந்தத் தொகைகளைப் பார்த்து நுண்கடனை அடைத்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். தேடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில், பெரிய தொகை பெறுபவர்கள் மிகச் சிலரே.)

அனுமதி இல்லாவிட்டால் கதை வேறு. 2016 ஆகஸ்டில் கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயதுப் பாடசாலை மாணவர் ஒருவர், உயர்தரப் பரீட்சைத் திகதியை மாற்றக் கோரி ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் நுழைந்தார் என்று கைது செய்யப்பட்டார். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி நுழைவதே குற்றம். எதையும் எடுக்கவில்லை என்பது பதிலாகாது. பக்கத்து வீட்டு வைஃபையில் விளையாட்டாகச் சோதிக்கும் பிள்ளைக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

இத்துறையில் ஆட்கள் தேவை என்பதற்கு நமது நாடே சாட்சி. 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு கப்பம் கோரும் வைரஸ் ஒன்றினால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமல் போயின. மென்பொருள் பழையதாக இருந்தது. தனியே எடுத்துவைத்த பிரதியும் இருக்கவில்லை.

வீட்டில் எப்படித் தொடங்குவது? சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் அறிமுகப் பாடநெறியை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலம் சிரமமென்றால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். அடுத்து ‘ஓவர்தவயர்’ தளத்தின் ‘பண்டிட்’ என்ற விளையாட்டு. ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான கடவுச்சொல்லைத் தேடி எடுக்கவேண்டும். எல்லாம் எழுத்து வடிவிலேயே நடப்பதால் டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும், இது எமக்குப் பெரிய விடயம். 8 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி கிடைத்தால் ‘வேர்ச்சுவல்பொக்ஸ்’ மென்பொருளை இட்டு அதற்குள் ‘காளி லினக்ஸை’ நிறுவலாம். இரண்டும் இலவசம். தாக்கிப் பழகுவதற்கென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட ‘மெட்டாஸ்ப்ளொய்ட்டபிள்’ என்ற கணினியையும் அதே பெட்டிக்குள் வைத்துப் பழகலாம். வெளியே எவருக்கும் தொல்லையில்லை.

பிள்ளைக்கு முதற்பாடமாக வீட்டு ரௌட்டரையே கொடுங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை மாற்றட்டும். பிறகு ‘என்மேப்’ கருவியால் எந்தெந்த வாசல்கள் திறந்துள்ளன என்று பார்க்கட்டும். உங்கள் தொலைபேசிக்கு வரும் குறியீட்டை வங்கிக்காரர் என்று பேசுபவருக்கும் ஏன் சொல்லக்கூடாது என்பதை, முத்தையாவின் கதையைப் படித்த பிள்ளை உங்களுக்கு விளக்கிச் சொல்லும்.

இந்த அறிவு வீட்டில் ஒருவருக்கேனும் இருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்தக் காரணம் உண்டு. படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டப்பட்ட பெண்கள், வெட்கத்தாலும் பயத்தாலும் வாயை மூடிப் பணம் கொடுக்கிறார்கள். கொடுத்தால் மிரட்டல் நிற்பதில்லை, தொகைதான் கூடும். அவ்வேளையில் முதலில் செய்யவேண்டியது, வந்த செய்திகளையும் இலக்கத்தையும் திரையில் படம்பிடித்து வைப்பது. பிறகு 2006இல் அமைக்கப்பட்ட ‘ஸ்ரீலங்கா சேர்ட்’ நிறுவனத்தை 101 என்ற இலக்கத்திலோ, மகளிர் உதவிச் சேவையை 1938 என்ற இலக்கத்திலோ அழைக்கலாம். பொலிஸுக்குப் போவதானால் துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். பயத்தில் செய்திகளை அழித்துவிட வேண்டாம், முறைப்பாட்டுக்குச் சாட்சி அவைதான்.