பணிமனையில் பேச்சு

ஓசூரைக் கடந்து வடக்கே சென்றால் எல்லையை அடுத்து அத்திப்பள்ளி. அங்கிருந்து தென்மேற்கே திரும்பினால் ஆனேக்கல். பெங்களூர் நகர மாவட்டத்தைச் சேர்ந்த இந்த வட்டத்தில் பட்டுத் தறிகள் நெடுங்காலமாக ஓடிவந்திருக்கின்றன. பொம்மசந்திரம், ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகளும் இதனுள்ளேயே அடங்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே உழைக்கும் தமிழர் பலர். நாள்தோறும் எல்லையைக் கடந்து வந்து மாலையில் மீள்வோர் உண்டு; குடும்பத்தோடு தங்கிவிட்டோரும் உண்டு. எல்லைக்கு இருபுறத்தும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தே வழங்குகின்றன. அரசாங்கத்தின் எல்லை மொழியின் எல்லையன்று.

இத்தகைய இடத்தில் பணிமனைப் பேச்சில் என்ன இடர்ப்பாடு இருக்கக்கூடும் என்று கேட்கலாம். மொழி தொலைவில் இருப்பதால் வரும் இடர் ஒன்று. அருகில் இருப்பதால் வரும் இடர் மற்றொன்று. ஜெர்மன் மொழியோ ஜப்பானிய மொழியோ காதில் விழுந்தால், நமக்கு அது விளங்கவில்லை என்பதை நாம் அறிவோம், பொருள் கேட்போம். கன்னடமோ நம் மொழியின் உடன்பிறப்பு. பாதி விளங்கிவிடுகிறது. மீதிப் பாதியை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம். வம்பு பிறப்பது அவ்விடத்திலேதான்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் ‘ஏனு’ என்றால் ‘என்ன’ என்று பொருள். தமிழில் ‘ஏன்’ என்பது காரணம் கேட்கும் சொல். இயந்திரம் நின்றுவிடுகிறது. மேற்பார்வையாளர் விரைந்து வந்து, ‘ஏனாயித்து?’ என்கிறார். ‘என்ன நடந்தது?’ என்பதே அவர் கேள்வி. தமிழ்த் தொழிலாளியின் செவியிலோ அது ‘ஏன் ஆயிற்று?’ என்று விழுகிறது. நடந்ததைக் கூறவேண்டியவர், குற்றம் சாட்டப்பட்டவரைப்போல் தம்மைக் காத்துக்கொள்ளப் புகுகிறார். ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்கிறார். ஒன்றும் குறைகூறாத மேற்பார்வையாளருக்கு அந்த விடை ஐயத்தை எழுப்புகிறது: இவர் எதையோ மறைக்கிறார் போலும்! ஒருவரும் பிழைபடப் பேசவில்லை. இருவர் மனமும் கசந்துபோகிறது.

நகைப்புக்கு இடமான சொற்களும் உண்டு. ‘மாடு’ என்றால் கன்னடத்தில் ‘செய்’. மரியாதையோடு ‘வாருங்கள்’ என்று அழைக்கும் ‘பன்னி’ என்ற சொல், புதிதாக வந்த தமிழர் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றை ஒரு வாரத்திற்குள் எவரும் சிரித்துக் கடந்துவிடுவர். ‘ஏனாயித்து’ போன்றவை அப்படியல்ல. அவை வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. ஆதலால் திருத்தப்படாமலே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன.

சொல் மட்டுமன்று, குரலின் ஏற்ற இறக்கமும் இவ்வாறு ஏமாற்றும். ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியல் அறிஞர் இதனை நுணுகி ஆராய்ந்தவர். பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் உணவுச்சாலையில், இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் சென்ற பெண்கள் புதிதாக வேலைக்கு அமர்ந்தனர். உண்ண வருவோரிடம் குழம்பு வேண்டுமா என்று கேட்கையில், அதன் ஆங்கிலப் பெயரை மட்டும் அவர்கள் கூறுவர். ஆங்கிலேயப் பெண்களும் அந்த ஒரு சொல்லையே கூறுவர்; ஆனால் குரலை உயர்த்தி முடிப்பர். நம்மவர் குரலைத் தாழ்த்தி முடித்தனர். உயர்ந்த குரல் ‘வேண்டுமா?’ என்று ஒலித்தது. தாழ்ந்த குரல் ‘இதோ, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்று ஒலித்தது. அப்பெண்கள் கடுகடுப்பானவர்கள் என்று உடன் பணியாற்றியோர் எண்ணினர். தங்களை வேற்றினத்தார் என்று ஒதுக்குகிறார்கள் என்று இவர்கள் எண்ணினர். குரல்களைப் பதிவுசெய்து இரு சாராருக்கும் போட்டுக் காட்டிய பின்னரே உண்மை விளங்கிற்று. 1979-இல் பி.பி.சி. இத்தகைய நிகழ்ச்சிகளை வைத்துத் தொலைக்காட்சிப் படமொன்றை ஒளிபரப்பியது.

இனி, துணிவைப் பற்றி. பணிமனையில் துணிவு என்றவுடன் உரக்கப் பேசுதலையும் எதிர்த்து நிற்றலையும் பலர் நினைக்கின்றனர். புலம்பெயர்ந்தவருக்கு வேண்டிய துணிவு அதனினும் எளிய தோற்றமுடையது, செய்வதற்கோ அரியது. விளங்காதபோது ‘விளங்கவில்லை’ என்று சொல்லுதல்தான் அது. ‘அர்த்த ஆகலில்ல, இன்னொந்து சல ஹேளி’ - ‘விளங்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்’ - என்ற ஐந்து கன்னடச் சொற்கள் போதும். ஆயினும், வேலை தெரியாதவர் என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சத்தால் தலையை அசைத்துவிட்டு, பின்னர்ப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்போர் அநேகர். பக்கத்தில் நிற்பவரும் தலையை அசைத்தவராகவே இருக்கலாம்.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டும் என்று விதித்தது. அந்தப் பெரும்பான்மையில் அடங்காதவருக்குப் பலகை ஊமை. அவர் வாய்திறந்து கேட்டாலன்றி எச்சரிக்கை அவரை எட்டாது. 2023 அக்டோபர் 7-ஆம் நாள் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றி எரிந்ததில் 14 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் பலர் தீபாவளிக் கால வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். எந்தத் தொழிற்கூடமாயினும், முதல் நாளிலேயே ‘வெளியேறும் வழி எது? இந்தப் பீப்பாயில் இருப்பது என்ன?’ என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. கேட்பவரை முகஞ்சுளித்துப் பார்க்கும் மேலாளரே அத்தொழிலின் ஒழுங்கை அறியாதவர்.

மறுத்துப் பேசுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் ‘பார்க்கலாம்’ என்கிறோம். கன்னடர் ‘நோடோண’ என்கின்றனர். இரண்டும் பல வேளைகளில் ‘முடியாது’ என்பதன் மெல்லிய வடிவங்களே. கூடத்தில் விருந்தினரிடம் இது பண்பு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவீர்களா என்று கேட்கும் மேற்பார்வையாளரிடம் இது தொல்லை. அவர் ஆள் கணக்கில் உங்களைச் சேர்த்துவிடுவார். ‘இந்த ஞாயிறு இயலாது, மகளுக்குத் தேர்வு. அடுத்த ஞாயிறு வருகிறேன்’ என்று காரணத்தோடும் மாற்று வழியோடும் கூறினால் இருவருக்கும் நலம்.

மற்றவர் நிலையில் நின்று பார்த்தல் என்பதற்கு நம்மவருள் தேர்ந்தவர்க்கும் பயிற்சி தேவை. இப்பொழுது ஆனேக்கல் வட்டத்துத் தொழிற்கூடங்களுக்குப் பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். பத்தாண்டு பணியாற்றிக் கன்னடம் கைவந்த தமிழர் அவர்களுக்கு மேலாளாகிறார். தாம் முன்பு தலையசைத்ததை மறந்து, ‘சொன்னதெல்லாம் புரிந்ததா?’ என்று அதட்டிக் கேட்கிறார். அக்கேள்விக்கு ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு விடை வந்ததுண்டோ? ‘நீ என்ன செய்யப்போகிறாய், செய்து காட்டு’ என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

காவிரிச் சிக்கலையொட்டி 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் பெங்களூரில் கலவரங்கள் மூண்டதைப் பலரும் நினைவிற் கொண்டிருப்பர். அத்தகைய நாட்களில், நேற்றுவரை ‘ஊட்ட ஆயிதா?’ - சாப்பாடு ஆயிற்றா - என்றுகூடக் கேட்டறியாத ஒருவரிடம் பேசத் தொடங்குவது எளிதன்று. நாள்தோறும் கேட்டுவந்தவர்களுக்கோ, மாலையில் வீடு திரும்பப் பாதுகாப்பான வழி எது என்பதைக் கன்னடத் தோழரிடமே கேட்கலாம். எந்தச் சாலையில் கூட்டம் இருக்கிறதென்று அவரே முந்திக்கொண்டு சொல்லவும் கூடும்.