கிளந்தான் சட்டமும் அதிகார எல்லையும்

திருடியவன் கையைத் துணிக்கும் தண்டனையோடு கூடிய இஸ்லாமியச் சட்டத்தைக் கிளந்தான் சட்டமன்றம் 1993-இல் இயற்றியது. அது நடைமுறைக்கு வரவில்லை. காரணம் யாது?

மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, குற்றவியல் சட்டத்தைக் கூட்டரசுக்கும், முஸ்லிம்களுக்கான சமயச் சட்டத்தை மாநிலங்களுக்கும் வகுத்தளித்துள்ளது. சமய நீதிமன்றம் விதிக்கத்தக்க தண்டனைக்கும் 1984-இல் திருத்தப்பெற்ற கூட்டரசுச் சட்டமே எல்லை வகுத்தது: 3 ஆண்டுச் சிறை, 5,000 வெள்ளி, 6 பிரம்படி.

2024 பிப்ரவரி 9-இல் கூட்டரசு நீதிமன்றம், பொய் நிறை, சூதாட்டம் முதலியன பற்றிய கிளந்தானின் 16 பிரிவுகள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. ஆங்கு எழுந்த வினா சமயத்தின் மாண்பு பற்றியதன்று. சட்டம் இயற்றும் அதிகாரம் யாருக்குரியது என்பதே.

இவ்வேறுபாட்டை மாணாக்கர்க்கு விளக்குதல் ஆசிரியர் கடன். அது விளங்காவிடின், அதிகார வழக்கு சமய வழக்காகத் தோன்றும், பகையும் வளரும்.