ஜேபி 55

1990 நவம்பரில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிரிஸ்வோல்ட் என்ற ஊரின் சரளைக்கல் பள்ளத்தில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் மண்டையோடுகளைக் கண்டார்கள். கொலையோ என்று போலீஸ் வந்தது. மாநிலத் தொல்லியலாளர் நிக் பெலன்டோனி பார்த்ததும் தெரிந்துவிட்டது: ஊரே மறந்துபோன பழைய குடும்ப இடுகாடு அது.

அதில் ஒரு குழி மட்டும் விசித்திரமாக இருந்தது. மேலே கற்பலகைகள். சவப்பெட்டியின் மூடியில் பித்தளை ஆணிகளால் 'ஜேபி 55' என்று அடித்திருந்தார்கள். பெயரின் முதலெழுத்துகளும் வயதும். உள்ளே தலை கழுத்தில் இல்லை, மார்பின்மேல் இருந்தது. தொடையெலும்புகள் இரண்டும் பெருக்கல் குறிபோலக் குறுக்கே கிடந்தன. நெஞ்சுக்கூடு உடைபட்டிருந்தது. புதைத்துச் சில ஆண்டுகளாகி, சதை மக்கிய பிறகு யாரோ மீண்டும் தோண்டியிருக்கிறார்கள்.

விலா எலும்புகளில் இருந்த வடுக்கள் காரணத்தைச் சொல்லின. காசநோய். நாம் என்புருக்கி என்றோம். அவர்கள் மொழியிலும் அது ஆளைத் தின்னும் நோய்தான். குளிர்காலத்தில் அடைத்த வீட்டுக்குள் ஒருவர் இருமினால் கிருமி எல்லோருக்கும் போகும். பிறகு மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருந்து எழும். மகளைப் புதைத்த வீட்டில் மகன் இளைக்கத் தொடங்குவான். போனவளே இவனை உறிஞ்சுகிறாள் என்று நம்பினார்கள். பிணத்தைத் தோண்டி, இதயத்தில் ரத்தம் இருந்தால் எரித்தார்கள். பக்கத்து ரோட் ஐலண்டில், எக்சிட்டர் என்ற ஊரில் 1892 ஜனவரியில் இறந்த மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண்ணை மார்ச்சிலேயே வெளியே எடுத்தார்கள். கடுங்குளிரில் உடல் கெடாமல் இருந்தது. அதையே சான்றாகக் கொண்டு, எரித்த இதயத்தின் சாம்பலை நீரில் கலந்து நோயாளி அண்ணனுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவரும் போய்விட்டார். ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜேபியிடம் எரிக்க இதயம் மிஞ்சியிருக்காது. அதனால்தான் எழுந்து வரமுடியாதபடி எலும்புகளைக் கலைத்து வைத்திருக்கவேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பத்திரிகைகள் இதற்கு ரத்தக்காட்டேரிக் கதை கட்டின. எனக்கு இதில் தெரிவது, இருக்கிற பிள்ளையையாவது காப்பாற்றத் துடித்த குடும்பங்கள். இறந்தவரிடமிருந்து நோய் வீட்டாருக்கு வருகிறது என்று அவர்கள் கண்டது சரிதான். அது வந்தது புதைகுழியிலிருந்து அல்ல. அவர் உயிரோடிருந்தபோது விட்ட மூச்சிலிருந்து.

ஜேபி யார் என்பதற்கு 2019 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். அங்கே குடும்பப் பெயரும் அப்படியே; நம் இனிஷியல்போலத் தலைமுறைக்கு ஒருமுறை மாறாது. அந்த எலும்பின் டிஎன்ஏவை, வம்சாவளி தேடுவோர் தங்கள் மாதிரிகளைப் பதிந்துவைக்கும் தரவுத்தளத்தில் ஒப்பிட்டபோது பார்பர் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பழைய தாள்களைப் புரட்டினார்கள். 1826-இல் வெளியான ஒரு மரண அறிவிப்பு: கிரிஸ்வோல்டில் 12 வயதில் இறந்த நேதன் பார்பர், ஜான் பார்பரின் மகன்.

ஜேபிக்குப் பக்கத்தில் தோண்டியெடுத்த ஒரு சவப்பெட்டியின் மூடியில் 'என்பி 13' என்று ஆணி அடித்திருந்தது.